குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை: பேரூராட்சி கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் தெருவில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள். முதல் பத்து நிமிடம் கலங்கலாக, சாக்கடை வாடையோடு வருகிறது. பிறகு தெளிந்துவிடுகிறது. இரண்டு முறை மனு கொடுத்தும், "டேங்க்கைக் கழுவிவிட்டோம்" என்ற பதில்தான் வந்தது. என்ன செய்வது?

பதில்: முதல் பத்து நிமிடம் மட்டும் நாறுகிறது என்றால் கோளாறு மேல்நிலைத் தொட்டியில் இல்லை, தெருவுக்குள் வரும் குழாயில் இருக்கிறது. தொட்டியே கெட்டிருந்தால் கடைசிச் சொட்டு வரை நாற வேண்டும். அந்தத் தொட்டியில் தண்ணீர் வாங்கும் எல்லாத் தெருக்களிலும் நாற வேண்டும்.

தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கிறது. எங்காவது ஓட்டை இருந்து, அந்த இடம் சாக்கடைக்குள் இருந்தால், கழிவுநீர் மெல்லக் குழாய்க்குள் இறங்கிவிடும். வால்வைத் திறந்ததும் அது முதலில் உங்கள் குடத்துக்கு வருகிறது. பெரும்பாலும் ஓட்டை விழுவது மெயின் பைப்பில் இல்லை. மெயினிலிருந்து வீட்டுக்கு வரும் அரை அங்குல, முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்)தான். அது சாக்கடையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் துருப்பிடித்து, சல்லடையாகிவிடும். யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் நிலைமை இன்னும் மோசம். அந்த உறிஞ்சல் அக்கம்பக்கத்து ஓட்டைகள் வழியே சாக்கடை நீரைக் குழாய்க்குள் இழுத்துவிடும். மோட்டார் போடக் கூடாது என்பதற்கு "மற்றவர்களுக்குத் தண்ணீர் கிடைக்காது" என்பதை மட்டும்தான் சொல்லிவருகிறோம். நோய் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெருக்காரர்களே உதவலாம். தண்ணீர் விடும் நாளில் ஒவ்வொரு வீடாகக் கேட்டு, எந்த வீட்டில் வாடை இல்லை, எந்த வீட்டிலிருந்து வாடை தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நல்ல வீட்டுக்கும் முதல் நாறும் வீட்டுக்கும் இடையில்தான் முதலில் தேட வேண்டும். ஒரே ஒரு வீட்டில் மட்டும் நாறினால் அந்த வீட்டு இணைப்பைப் பாருங்கள். தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது அந்த இடத்துச் சாக்கடையைக் குனிந்து பாருங்கள். கறுத்த நீருக்கு நடுவே ஒரு இடத்தில் மட்டும் தெளிந்த நீர் குபுகுபுவென்று மேலே வரும், அல்லது குமிழி விடும். அங்கே ஒரு செங்கல்லை அடையாளம் வைத்து, படம் எடுத்து, பேரூராட்சிக் குழாய்ப் பணியாளரான பிட்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இரண்டு கண்ணாடி பாட்டிலில் முதல் நிமிடத் தண்ணீரும் இருபதாவது நிமிடத் தண்ணீரும் பிடித்து, நாளும் நேரமும் எழுதி ஒட்டி எடுத்துப் போனால், "டேங்க்கைக் கழுவிவிட்டோம்" என்ற பதில் மறுபடி வராது.

சரிசெய்யும்போது அதே இடத்தில் ரப்பர் சுற்றிக் கம்பி கட்டிவிட்டுப் போக விடாதீர்கள். மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகும். சாக்கடையைக் கடக்கும் துண்டை முழுவதும் மாற்றி, பிளாஸ்டிக் பைப் போட்டு, அதற்கு வெளியே ஒரு பெரிய பைப்பை உறையாகச் செருகி, சாக்கடை நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றிவிட வேண்டும்.

அதுவரை முதல் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். அதை சம்ப்பில் ஏற்றினால் மொத்தமும் கெட்டுவிடும். சம்ப்புக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர்; 5,000 லிட்டர் என்றால் 20 கிராம். பவுடரை அப்படியே தூவக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு. ஒரு மணி நேரம் கழித்துத்தான் புழங்க வேண்டும். மூட்டையைத் திறந்தால் மூக்கில் ஏறும் நெடி இல்லாத பவுடர் செத்த பவுடர். குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, அதே பாத்திரத்தில் ஆறவிடுங்கள். தெரு முனைக் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. உங்கள் வீட்டுக் குழாயிலேயே குளோரின் பரிசோதனை செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். சில சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். நிறமே மாறவில்லை என்றால் குளோரின் இல்லை.

கேள்வி: எங்கள் பகுதியில் டெங்கு வந்திருக்கிறது. புகை அடிக்கச் சொன்னால், "தேவைப்படும்போது அடிப்போம்" என்கிறார்கள். இது அலட்சியம் இல்லையா?

பதில்: புகை அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை அது தொடாது. இரண்டு, மூன்று நாளில் புதுக் கொசு பறக்கும். காய்ச்சல் வந்த வீட்டைச் சுற்றி உடனே புகை அடிப்பதில் பயன் உண்டு, அதைக் கட்டாயம் கேளுங்கள். ஊர் முழுக்க வண்டியில் புகைவிட்டுப் போவது கண்ணுக்குத்தான் நிறைவு.

டெங்குக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டுக்குள், வாசலில், மொட்டை மாடியில் நிற்கும் நல்ல தண்ணீரில் வளர்கிறது. முட்டை கொசுவாக எட்டு முதல் பத்து நாள் போதும். முட்டையைத் தண்ணீரில் போடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டவைக்கும். அது காய்ந்தாலும் பல மாதம் சாகாது. அதனால் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி பிடித்தால் போதாது. உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வாரம் ஒரு நாளை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். தேட வேண்டிய இடங்கள்: ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, பூந்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டு, புழங்காத ஆட்டுக்கல், டயர், கொட்டாங்குச்சி, மூடி சரியாக உட்காராத சின்டெக்ஸ்.

கொசுப்புழு தேடி வீடு வீடாக வரும் டி.பி.சி. பணியாளர்களை வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள். நாள்தோறும் வெயிலில் நடந்து டார்ச் அடித்துப் பார்ப்பவர்கள் அவர்கள். மாடிவரை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இரவில் கடிக்கும் சாக்கடைக் கொசு வேறு. அதற்குக் கேட்க வேண்டியது தூர்வாருதலும், வாரம் ஒருமுறை புழுக்கொல்லி தெளிப்பும். வாரிப்போட்ட சேற்றை ஒரு நாள் வடியவிட்டு அள்ளிவிட வேண்டும். கரையிலேயே விட்டால் அடுத்த மழைக்குத் திரும்பச் சாக்கடைக்குள்தான் போகும். செப்டிக் டேங்க்கின் காற்றுக்குழாய் வாயில் நைலான் வலை கட்டுங்கள்; அந்தக் குழாயும் ஒரு கொசுப் பண்ணை.

கேள்வி: எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் பன்னிரண்டு வருடமாக நிரம்பவே இல்லை. நல்ல கட்டுமானம் என்கிறார் மேஸ்திரி. இப்போது பேரூராட்சியில், மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: நிரம்பவில்லை என்றால் அடித்தளம் பூசப்படவில்லை, கழிவு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உங்கள் போர்வெல்லும் பக்கத்து வீட்டுப் போர்வெல்லும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளந்து பாருங்கள். உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர், அதாவது ஏறக்குறைய 50 அடி வேண்டும். மூன்று சென்ட் மனையில் அந்த இடைவெளி கிடைக்காது. அதனால்தான் அடியும் சுவரும் பூசிய தொட்டி வேண்டும்.

பூசிய தொட்டியை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். விட்டால் சேறு இறுகிக் குழாயால் உறிஞ்ச முடியாமல் போகும். அப்போதுதான், "ஒரு ஆளை இறக்கினால் முடிந்துவிடும்" என்ற பேச்சு வருகிறது. எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். உள்ளே நிற்கும் வாயு ஒன்றிரண்டு மூச்சில் ஆளை மயக்கிவிடும். காப்பாற்ற இறங்குபவரும் சாகிறார். இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு அமர்த்திய வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இறுகிய சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி, மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள்.

14420 எண்ணில் அழைத்து வண்டி கேட்கலாம். வண்டிக்காரரிடம் பேரூராட்சி உரிமத்தையும், எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்பதையும் கேளுங்கள். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி பேரூராட்சியில் 2017இல் இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையம் வந்தது. பக்கத்து மதுராந்தகம் நகராட்சி வண்டிகளும் அங்கேதான் கொட்டுகின்றன. கழிவுக்குப் போக ஒரு இடம் இருந்தால்தான் வண்டி ஏரிக்கரையைத் தேடாது. உங்கள் ஊர் வண்டி எங்கே போகிறது என்பதை மன்றக் கூட்டத்தில் கேட்கும்படி கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: பக்கத்துக் காலிமனையில் எல்லோரும் குப்பை கொட்டுகிறார்கள். மாலையில் யாரோ கொளுத்திவிடுகிறார்கள். உரிமையாளர் வெளியூர். அலுவலகத்தில், "தனியார் இடம், நாங்கள் நுழைய முடியாது" என்கிறார்கள்.

பதில்: அந்தப் பதில் சரியில்லை. தனியார் மனையானாலும் சுகாதாரக் கேடு வந்தால் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கவும், அவர் செய்யாவிட்டால் தானே சுத்தம் செய்து செலவை அவரிடம் வசூலிக்கவும் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் உள்ளாட்சிக்கு அதிகாரம் தருகிறது. உரிமையாளர் யார் என்று தெரியவில்லை என்பார்கள். மனுவில் சர்வே எண்ணை எழுதி, "காலிமனை வரிப் பதிவேட்டில் உள்ள முகவரிக்கு நோட்டீஸ் அனுப்புக" என்று குறிப்பிடுங்கள். வரி விதித்திருந்தால் முகவரி அவர்களிடமே இருக்கும்.

கொளுத்துவதற்குத் தனி அபராதம் உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில், திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று உத்தரவிட்டது. காய்ந்த இலைதானே என்று நினைக்க வேண்டாம்; அந்தக் குவியலில் பால் கவரும் பி.வி.சி. துண்டும் கலந்திருக்கும், அந்தப் புகையைத்தான் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள்.

ஆனால் நோட்டீஸ் போனாலும், குப்பை வண்டி வரும் நேரம் சரியில்லை என்றால் அந்த மனை மறுபடி நிறையும். வேலைக்குப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட, வண்டி ஒன்பதுக்கு வந்தால் அவர்கள் கையில் இருக்கும் பை எங்கே போகும்? ஒரு வாரம் வண்டி வந்த நேரத்தைக் குறித்து, தெருவுக்கு ஏற்ற நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். மக்கும் குப்பையைத் தனியாகக் கொடுங்கள். கலந்து கொடுத்தால், குப்பையைத் தரம்பிரிக்கும் வளம் மீட்புப் பூங்காவில் தூய்மைப் பணியாளர் கையால் கிளற வேண்டியிருக்கிறது. நாப்கின், டயப்பரைக் காகிதத்தில் சுற்றித் தனியாகத் தருவது அவர்கள் கைகளுக்கு நாம் செய்யும் மரியாதை.

கேள்வி: தெருநாய்களைப் பிடித்துப் போகிறார்கள்; பத்து நாளில் அதே நாய்கள் திரும்பி வந்துவிடுகின்றன. ஏமாற்று வேலையா?

பதில்: இல்லை, விதியே அதுதான். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன 2023ஆம் ஆண்டு விதிகள். காதில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய். வெறிநோய் இருப்பதாகச் சந்தேகப்படும் நாயையும், ஆட்களைத் துரத்திக் கடிக்கும் நாயையும் விடக் கூடாது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் நாயின் நிறம், அது படுக்கும் இடம், காது வெட்டு உண்டா இல்லையா என்று எழுதினால் பிடிப்பவர்களுக்கு வேலை எளிது.

கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ஊசி இலவசம். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். அதைக் கேட்டே வாங்குங்கள். அடுத்தடுத்த ஊசித் தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: மனு கொடுத்தால் பதிலே வருவதில்லை. எப்படி எழுதினால் நடக்கும்?

பதில்: ஒரு மனுவில் ஒரே குறை. "எங்கள் பகுதியில் அடிப்படை வசதி இல்லை" என்று எழுதினால் யாருக்கும் வேலை ஒதுக்க முடியாது. இப்படி எழுதுங்கள்: "5ஆவது வார்டு, பிள்ளையார் கோவில் தெரு, கதவு எண் 12க்கு எதிரே சாக்கடை மூடி உடைந்து பத்து நாளாகிறது. நீளம் மூன்று அடி, அகலம் இரண்டு அடி. பள்ளிக் குழந்தைகள் நடக்கும் வழி. புதிய மூடி போட வேண்டுகிறோம்." செயல் அலுவலர் பெயரிட்டு எழுதி, இரண்டாவது பிரதியில் தேதி முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால், மனுவே வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

நடக்கவில்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100, பேரூராட்சிகளின் உதவி இயக்குநர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள். கூடவே பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். அதில், "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். "இந்தத் தேதியிட்ட என் மனு மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்புகளின் நகல் தருக" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கேள்வி: தெருவிளக்கு விட்டு விட்டு எரிகிறது. பேரூராட்சியா, மின்வாரியமா?

பதில்: விளக்கு பேரூராட்சியுடையது, கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லிப் புகார் செய்யுங்கள். எல்.இ.டி. அணைந்து அணைந்து எரிந்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பாகம்) போயிருக்கும். தெரு முழுக்க எரியவில்லை என்றால் சுவிட்ச் பெட்டியிலோ லைனிலோ கோளாறு. கம்பியில் பொறி பறந்தாலோ, கம்பி தாழ்ந்து தொங்கினாலோ பேரூராட்சிக்குக் காத்திருக்க வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்கு உடனே அழையுங்கள். லைன்மேன் வரும்வரை கம்பத்துப் பக்கம் யாரும் போகாமல் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.