எல்.சி.டி. திரை விண்ணப்பத்துக்கு ‘இரட்டைக் காப்புரிமை’ மறுப்பு: துறப்புப் பத்திரத்துக்குச் சம்மதிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்துக்கு எல்.சி.டி. திரை ஒன்றுக்காக அமெரிக்கக் காப்புரிமை கிடைத்திருக்கிறது. பிக்சல் மின்முனையும் பொது மின்முனையும் ஒரே கண்ணாடித் தகட்டில், நடுவில் மடங்கிய வடிவில் அமைவதுதான் அதன் சாரம். அதிலிருந்து கிளைத்த இரண்டாவது விண்ணப்பத்தில், இரு கண்ணாடிகளுக்கு இடையே இடைவெளியைக் காக்கும் ஸ்பேசர்களை பிளாக் மேட்ரிக்ஸின் (பிக்சல்களுக்கு இடையே ஒளியை மறைக்கும் கருப்புக் கட்டம்) மறைவில் நிறுத்துவதையும் சேர்த்துக் கோரினோம். எங்கள் முதல் காப்புரிமையையும் வேறொருவரின் பழைய காப்புரிமையையும் சேர்த்துக் காட்டி, ‘இரட்டைக் காப்புரிமை’ என்று ஆய்வாளர் மறுத்துவிட்டார். ‘டெர்மினல் டிஸ்கிளெய்மர்’ எனப்படும் துறப்புப் பத்திரம் போட்டால் போதும் என்கிறார் எங்கள் வழக்கறிஞர். இது இனித் தேறாது, இரண்டாவதை மட்டும் எனக்கு விற்றுவிடுங்கள் என்கிறார் ஒரு தரகர். என்ன செய்வது?

பதில்: உங்கள் கண்டுபிடிப்பு புதியதல்ல என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை. ஒரே கண்டுபிடிப்புக்கோ அதன் சிறு மாறுபாட்டுக்கோ இரண்டு காப்புரிமைகளைப் பெற்று, முதலாவது காலாவதியான பின்பும் இரண்டாவதைக் காட்டி ஒருவர் உரிமையை நீட்டித்துக்கொள்ளக் கூடாது. இரண்டையும் வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்து, ஒரே உற்பத்தியாளர் மீது இருவர் தனித்தனியே வழக்குத் தொடரவும் வழி விடக் கூடாது. இந்த மறுப்பின் அடிப்படை இவ்வளவுதான். ஆகவே தேறாது என்று உங்களிடம் சொன்னவர் கடிதத்தைப் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டே அப்படிச் சொல்கிறார்.

இந்த மறுப்பில் இரண்டு வகை உண்டு. கோரியது அச்சாக அதே கண்டுபிடிப்பு என்றால் மறுப்பு அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 35ஆம் தலைப்பு, 101ஆம் பிரிவின்கீழ் வரும். அந்தக் கோரல்களை, அதாவது எதற்கு உரிமை வேண்டும் என்று வரையறுக்கும் வாசகங்களை, திருத்தவோ நீக்கவோ வேண்டுமே தவிர, எந்தப் பத்திரமும் அதற்கு மருந்தாகாது. உங்களுடையது அந்த வகை அல்ல. ஸ்பேசர்களை வேறிடத்தில் வைத்த ஒரு திரை உங்கள் முதல் காப்புரிமையை மீறக்கூடும், ஆனால் இரண்டாவதை மீறாது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. உங்களுக்கு வந்திருப்பது, முதலாவதிலிருந்து எளிதில் ஊகிக்கக்கூடிய மாறுபாடு என்ற இரண்டாவது வகை. இது நீதிமன்றங்கள் உருவாக்கிய கோட்பாடு. இதற்குத் தீர்வு உண்டு.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். ஆய்வாளர் ஒப்பிட வேண்டியது உங்கள் முதல் காப்புரிமையின் உரிமைக் கோரல்களோடு மட்டுமே. அதன் விளக்கவுரையையும் வரைபடங்களையும் சொற்களின் பொருளை அறிய எடுத்துப் பார்க்கலாம்; அவற்றில் இருக்கிறது, எனவே இது ஊகிக்கக்கூடியது என்று வாதிட முடியாது. 1970இல் முடிந்த வோகல் வழக்கில், பன்றி இறைச்சியைப் பதப்படுத்திப் பொதியும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்தவர் பின்னர் மாட்டிறைச்சிக்கும் பொதுவாக இறைச்சிக்கும் கோரினார். பொதுவான கோரல் விழுந்தது, மாட்டிறைச்சிக் கோரல்கள் நின்றன. அங்கு ஒப்பிடப்பட்டவை கோரல்களே. உங்கள் கடிதத்தில் ஆய்வாளர் முதல் காப்புரிமையின் பத்தி எண்ணையும் பட எண்ணையும் ஆதாரமாகக் காட்டியிருந்தால், பதிலில் முதல் ஆட்சேபமாக அதையே எழுதச் சொல்லுங்கள்.

ஸ்பேசரைப் பொறுத்தவரை ஒளிக்காமல் சொல்கிறேன். ஸ்பேசரைச் சுற்றித் திரவப் படிகத்தின் ஒழுங்கு கலைந்து ஒளி கசிவதால், அதை பிளாக் மேட்ரிக்ஸின்கீழ் மறைப்பது இத்துறையில் பழகிய வழக்கம். உங்கள் கோரல் அதோடு நின்றால் ஆய்வாளரின் வாதத்தில் வலு இருக்கிறது. மின்முனையின் மடக்கை ஒட்டி ஸ்பேசருக்குக் குறிப்பிட்ட இடத்தை நீங்கள் வகுத்து, அதனால் கிடைக்கும் பயனையும் விண்ணப்பத்தில் எழுதியிருந்தால், அந்த அம்சத்தைக் கோரலுக்குள் கொண்டுவந்து வாதாடுவதே மேல்.

இனி, பலர் பார்க்கத் தவறும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் முதல் விண்ணப்பத்தின் கோப்பைத் திறந்து, அதில் ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்’ எனப்படும் பிரிப்பு ஆணை இருக்கிறதா என்று தேடுங்கள். காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டதால் அந்தக் கோப்பு ‘பேட்டன்ட் சென்டர்’ தளத்தில் பொதுப் பார்வைக்கே இருக்கும். மின்முனை ஒரு கண்டுபிடிப்பு, ஸ்பேசர் வேறொரு கண்டுபிடிப்பு, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள் என்று காப்புரிமை அலுவலகமே அன்று பிரித்திருந்து, அதன் விளைவாக நீங்கள் ஸ்பேசரைத் தனி விண்ணப்பமாகப் போட்டிருந்தால், அதே 35ஆம் தலைப்பின் 121ஆம் பிரிவு உங்களுக்கு அரணாக நிற்கிறது. முதல் காப்புரிமையை இரண்டாவதற்கு எதிராகக் காட்டவே கூடாது. ஆனால் இந்த அரணுக்குள் நுழையும் வாசல் குறுகலானது. பிரிப்பு அலுவலகத்தின் ஆணையாக இருக்க வேண்டும். நீங்களாகப் பிரித்தது செல்லாது. அந்த ஆணை பின்னர் திரும்பப் பெறப்பட்டிருக்கக் கூடாது. முதலாவது காப்புரிமையாக வெளிவரும் முன்பே இரண்டாவது தாக்கலாகியிருக்க வேண்டும். இரண்டாவது விண்ணப்பம் ‘டிவிஷனல்’, அதாவது முதலாவதிலிருந்து பிரித்துப் போட்ட விண்ணப்பம் ஆகவே இருக்க வேண்டும். புதிய விஷயம் சேர்த்த தொடர் விண்ணப்பத்துக்கு இந்த அரண் இல்லை என்று 2008இல் பைசர்–டெவா வழக்கிலும், சாதாரணத் தொடர் விண்ணப்பமான ‘கன்டினியுவேஷ’னுக்கும் இல்லை என்று 2009இல் ஆம்ஜென்–ரோஷ் வழக்கிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு, அலுவலகம் அன்று போட்ட பிரிவுக் கோட்டை உங்கள் இன்றைய கோரல்கள் தாண்டியிருக்கவும் கூடாது. ஸ்பேசர் கோரலுக்குள் மின்முனை அமைப்பு முழுவதையும் மீண்டும் எழுதியிருந்தால் இந்தக் கேள்வி எழும்.

இவையெல்லாம் பொருந்தியும் மறுப்பு வருவது உண்டு. இரண்டும் வெவ்வேறு என்று ஒருவர் எழுதி, தனித்தனிக் கட்டணமும் வாங்கிய பிறகு, இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்று அதே அலுவலகத்தின் இன்னொரு ஆய்வாளர் எழுதுகிறார். தன் கோப்பைத் தானே புரட்டிப் பார்க்காத அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதும் செலவு மட்டும் சிறு நிறுவனங்களின் தலையில் விழுகிறது. இது எனக்குப் பொறுக்க முடியாத அநியாயம். ஆனாலும் அந்தக் கடிதத்தை எழுதத்தான் வேண்டும். அரண் இருக்கும்போது துறப்புப் பத்திரம் போடுவது, கொடுக்க வேண்டாத ஒன்றை வலியக் கொடுப்பதாகும்.

அரண் இல்லை, வாதத்துக்கும் வலு இல்லை என்றால் டெர்மினல் டிஸ்கிளெய்மர் நியாயமான வழியே. இரண்டாவது காப்புரிமை முதலாவது முடியும் நாளிலேயே முடியும் என்றும், இரண்டும் ஒரே உரிமையாளரிடம் இருக்கும் வரை மட்டுமே அது செல்லும் என்றும் ஒப்புக்கொள்வதுதான் இந்தத் துறப்பு. அரசுக் கட்டணம் 200 டாலருக்கும் குறைவு. இதைப் போட்டதாலேயே உங்கள் கண்டுபிடிப்பு ஊகிக்கக்கூடியது என்று ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. இரண்டு காப்புரிமைகளின் 20 ஆண்டுகளும் ஒரே முதல் தாக்கல் தேதியிலிருந்து எண்ணப்படுவதால் கால இழப்பு பெரும்பாலும் சிறிதே. அலுவலகத் தாமதத்துக்காக இரண்டாவதற்குக் கூடுதல் நாட்கள் சேர வாய்ப்பிருந்தால், அவற்றில் முதலாவதன் முடிவைத் தாண்டுபவை போய்விடும். அந்த நாட்களைக் காப்பாற்றத் துறப்பைத் தவிர்க்கலாம் என்று யாராவது சொன்னால், கூடுதல் நாட்களையும் கணக்கில் எடுத்துக் காப்புரிமைகளைச் செல்லாது என்று அறிவித்த 2023ஆம் ஆண்டின் செலெக்ட் தீர்ப்பைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.

காலத்தைவிட உரிமையே பெரிய கண்ணி. தரகர் சொல்வதுபோல இரண்டாவதை மட்டும் விற்றால், துறப்பு போட்ட மறுகணமே பிரச்சினை தொடங்குகிறது: முதலாவது உங்களிடமும் இரண்டாவது வாங்கியவரிடமும் இருக்கும் வரை, அந்த இரண்டாவதைக் கொண்டு யார் மீதும் வழக்குத் தொடர முடியாது. ஒப்பந்தத்தில் உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தால், வாங்கியவர் உங்களிடமே நஷ்டஈடு கேட்பார். அல்லது அதே காரணத்தைக் காட்டி, சில மாதங்கள் கழித்து முதல் காப்புரிமையையும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். நான் அதிகம் கண்டிருப்பது இந்த இரண்டாவது தந்திரத்தைத்தான். விற்பதென்றால் இரண்டையும் சேர்த்து விற்றுவிடுங்கள். இல்லையேல் இரண்டையும் உங்களிடமே வைத்துக்கொண்டு உரிமம் மட்டும் கொடுங்கள்.

முதல் காப்புரிமை செல்லாது என்று ஆனால் இரண்டாவதும் தானாகவே போய்விடும் என்ற பயமுறுத்தலும் தரகர்களிடம் உண்டு. துறப்பு போட்டவர்களை அப்படிக் கட்டும் விதி ஒன்றை அமெரிக்க அலுவலகம் 2024 மே மாதம் முன்மொழிந்தது உண்மை. அதே ஆண்டு டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்ற மீதி உண்மையை அவர்கள் சொல்வதில்லை.

உங்கள் வழக்கறிஞரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்ணப்பத்தில் உங்கள் சார்பில் பதிவாகியுள்ள வழக்கறிஞர் உங்கள் கையெழுத்து இல்லாமலேயே துறப்பைத் தாக்கல் செய்ய முடியும். இணையவழியில் போட்டால் ஏற்பும் அப்போதே கிடைத்துவிடும். காப்புரிமை வழங்கப்பட்ட பிறகு அதைத் திரும்பப் பெறுவது ஏறக்குறைய இயலாது. எனவே, என் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் போடக் கூடாது என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பிரிப்பு ஆணை இருந்ததா, இரண்டாவது எந்த வகை விண்ணப்பமாகத் தாக்கலானது, இரண்டும் யார் பெயரில் பதிவாகியுள்ளன என்ற மூன்று கேள்விகளையும் அதிலேயே கேளுங்கள். முதலாவது நிறுவனத்தின் பெயரிலும் இரண்டாவது இன்னும் கண்டுபிடித்தவர்கள் பெயரிலும் கிடந்தால், உரிமை மாற்றத்தைப் பதிவு செய்த பிறகே துறப்புக்கு வழி பிறக்கும். பதில் தர உங்களுக்குக் கடிதத் தேதியிலிருந்து 3 மாதங்கள் உண்டு. கட்டணம் கட்டி 6 மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் மாதத்துக்கு மாதம் அந்தக் கட்டணம் ஏறும். அதற்குப் பிறகும் பதில் போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.