பல் வலி: ரூட் கேனால் தேதி வரும்வரை என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். என் கணவருக்கு 46 வயது, ரப்பர் பால் வெட்டும் வேலை. கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாகி, பத்து நாளாக வலி. பகலில் எப்படியோ சமாளிக்கிறார். ராத்திரி படுத்தால் உயிர் போகிறது என்கிறார். ஃபிரிட்ஜ் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் வாய்க்குள் சூடானதும் துப்பிவிட்டு அடுத்த வாய் வைக்கிறார். பல் டாக்டர் ரூட் கேனால் (பல் வேர் சிகிச்சை) செய்ய அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாள் சாப்பிட்டும் குறையவில்லை. சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கிராம்பு எண்ணெய் வைக்கலாமா? பிராந்தியால் கொப்பளிக்கச் சொல்கிறார்கள், சரியா?

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த ஃபிரிட்ஜ் தண்ணீர்தான். சொத்தை ஆரம்பத்தில் இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசும். அதுவே தலைகீழாகி, சூடு பட்டால் வலியும் குளிர்ச்சி பட்டால் நிம்மதியும் வருகிறது என்றால், சொத்தை பல்லின் உள்ளே இருக்கும் கூழ் வரைக்கும் போய்விட்டது. நரம்பும் ரத்தக்குழாயும் அந்தக் கூழில்தான் இருக்கின்றன. உடம்பில் வேறு எங்கே வீங்கினாலும் சதை விரிந்து இடம் கொடுக்கும். பல்லுக்குள் நான்கு புறமும் கெட்டிச் சுவர், வீங்க இடமே கிடையாது. அழுத்தம் முழுக்க நரம்பின் மேல் இறங்குகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் அந்த அழுத்தம் இன்னும் ஏறுகிறது. அவர் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மனிதருக்கு வரும் மிகக் கொடிய வலிகளில் இதுவும் ஒன்று.

ஆன்டிபயாடிக் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் காரணம் இதுதான். இப்போதைக்கு வலி வருவது பல்லுக்குள் அடைபட்ட வீக்கத்தால். ஆன்டிபயாடிக் அதைக் குறைக்காது. முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் பரவினாலோதான் அதற்கு வேலை. அப்போதும் டாக்டர் பார்த்து எழுத வேண்டும். மூன்று நாள் சாப்பிட்டாயிற்று, தொடர்வதா நிறுத்துவதா என்று அந்தப் பல் டாக்டரிடமே கேளுங்கள். மெடிக்கலில் வேறொன்று மாற்றித் தரச் சொல்லாதீர்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. வியாழக்கிழமை வரைக்கும் அவர் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்றே பல் டாக்டருக்கு போன் போடுங்கள். "வலி இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. "ராத்திரி தூக்கமே இல்லை, குளிர்ந்த தண்ணீர் வைத்தால்தான் அடங்குகிறது. ரூட் கேனால் வியாழக்கிழமையே இருக்கட்டும். பல்லைத் திறந்து வலியை மட்டும் முதலில் குறைத்துவிட முடியுமா?" என்று கேளுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லைத் திறந்து, வீங்கிய கூழை எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரே தடவையில் முடியும் வேலை. அன்று ராத்திரியே பலரும் தூங்கிவிடுகிறார்கள். அங்கே இடம் கிடைக்கவில்லை என்றால் உங்கள் ஊரிலேயே மூகாம்பிகை பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். காலையிலேயே போய்விடுவது நல்லது.

அதுவரைக்கும் மாத்திரை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இவை எதுவும் இல்லாதவர் இபுபுரூஃபன் 400 மில்லிகிராம், பாரசிட்டமால் 650 மில்லிகிராம் இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம். இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால், சேரும்போது பல் வலிக்கு நன்றாகக் கேட்கும். இபுபுரூஃபனைச் சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாக, நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். பாரசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். வலி உச்சிக்கு ஏறிய பிறகு தேடாமல், நேரம் பார்த்துக் கொடுங்கள். ராத்திரி மாத்திரையைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கணவருக்குச் சர்க்கரை இருப்பதால் ஒரு நிபந்தனை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தது என்று பாருங்கள். சமீபத்தில் செய்து சரியாக இருந்தால் இபுபுரூஃபனை இரண்டு மூன்று நாள் எடுக்கலாம். தெரியவில்லை என்றால் பாரசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள். இடையில் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுபுரூஃபனைத் தொடக்கூடாது. தோட்டத்துச் சிரட்டைகளில் மழைத் தண்ணீர் நின்று கொசு பெருகும் இடத்தில் வேலை செய்கிறவர் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சில கடைகளில் காகிதத்தில் மடித்து, பெயர் தெரியாத நாலு மாத்திரை கொடுப்பார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி குறையும், சர்க்கரை எகிறிவிடும். அட்டையில் பெயர் இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

கிராம்பு எண்ணெய் வைக்கலாம். மாறாமலை எஸ்டேட்களில் விளையும் நம் மாவட்டத்துக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதில் உள்ள யூஜினால் கொஞ்ச நேரம் நரம்பை மரத்துப்போகச் செய்யும். ஆனால் சீசாவிலிருந்து நேராக ஊற்றக்கூடாது. பஞ்சை மிளகளவு உருட்டி, ஒரு சொட்டு தொட்டு, ஈறில் படாமல் சொத்தைக் குழிக்குள் மட்டும் வையுங்கள். சில நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். ஈறில் பட்டால் வெந்து, பல் வலியோடு புண்ணும் சேரும். மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் இதே கெடுதல்தான். புகையிலை அடக்குவதும் வேண்டாம்.

பிராந்தி வேண்டவே வேண்டாம். வலியைத் தீர்க்காது, கொப்பளிக்கிறேன் என்று ஆரம்பித்து விழுங்குவதில்தான் முடியும். பாரசிட்டமாலோடு மது சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆகாது, இபுபுரூஃபனோடு சேர்ந்தால் வயிற்றுக்கு ஆகாது. வாங்கிய ஆன்டிபயாடிக்கில் மெட்ரோனிடசோல் இருந்தால் வாந்தி, படபடப்பு என்று தனித் தொல்லை வரும்.

ராத்திரி இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்கட்டும். ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளியே கால் மணி நேரம் வைக்கலாம். சுடு ஒத்தடம் கூடாது. சாப்பிட்டதும் சூடில்லாத உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, குழிக்குள் சிக்கியதை வெளியேற்ற வேண்டும். ஆறிய கஞ்சி, குழைய வேகவைத்து மசித்த மரச்சீனி, முள் எடுத்த மீன் போதும். மட்டி வாழைப்பழம் மெதுவானதுதான், ஆனால் குழியில் ஒட்டும், சர்க்கரையும் ஏற்றும். வலிக்குப் பயந்து சாப்பாட்டை விட்டுவிட்டுச் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட விடாதீர்கள், சிலருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

தாடைக்கு அடியிலோ கழுத்திலோ கண்ணை நோக்கியோ வீக்கம் பரவினால், வாய் திறக்க முடியாமல் போனால், எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டால், குரல் மாறினால், மூச்சு திணறினால், குளிர்காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளத்துக்குப் போங்கள். பல்லின் சீழ் கழுத்துக்குள் இறங்கினால் சில மணி நேரத்திலேயே மூச்சுப்பாதையை அடைத்துவிடலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வேகமாகப் பரவும்.

ஒருவேளை திடீரென்று வலி முழுவதும் நின்றுபோகலாம். பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். கிருமி வேர் வழியாக எலும்புக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும், அதனால் தேதியை ரத்து செய்யாதீர்கள். போகும் அன்று அவர் காலைச் சாப்பாடும் சர்க்கரை மாத்திரையும் எடுத்துக்கொண்டே போகட்டும். இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.