மகன் ஓயாமல் கண் சிமிட்டுவது கெட்ட பழக்கமா?

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஒன்பது வயது மகன் ஓயாமல் கண் சிமிட்டுகிறான், தொண்டையைச் செருமுகிறான். இப்போது வளவு வீட்டின் கதவுத் தாழ்ப்பாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே படுக்கிறான். அதட்டினால் நின்றுவிடும் என்கிறார் அப்பத்தா.

தயவுசெய்து அதட்டாதீர்கள். மருத்துவர் நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆனாலும் நீங்கள் சொல்வது 'டிக்' எனும் நரம்பியல் கோளாறு போலவே இருக்கிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லெக்மன் என்ற குழந்தை மனநல மருத்துவர் பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்தார். டிக்கின் தீவிரத்தை அளக்க 1989இல் அவர் குழு வெளியிட்ட அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அசைவுக்கு முன் வரும் உந்துதல் பற்றிய அவருடைய ஆய்வு. தும்மலுக்கு முன் மூக்கில் வரும் குறுகுறுப்பு மாதிரி அது. பையனால் கொஞ்ச நேரம் அடக்க முடியும், அப்புறம் முடியாது. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பார்த்துத்தான் 'வேண்டுமென்றே செய்கிறான்' என்று பெரியவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

பத்து, பன்னிரண்டு வயதில் இது உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்குப் பதின்ம வயது முடிவதற்குள் குறையும். தாழ்ப்பாள் விஷயம் ஓசிடியாக, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலக் கோளாறாக இருக்கலாம்; டிக் உள்ள பிள்ளைகளிடம் அது அடிக்கடி சேர்ந்தே வரும். சிலருக்கு மனச்சோர்வும் வரும், அதையும் கவனியுங்கள்.

டிக், ஓசிடி இரண்டுக்கும் பயிற்சி முறைச் சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மருந்தும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணிலும் தமிழில் பேசலாம். வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள்.