பழைய லேப்டாப்பில் ஓடும் டெமோக்கள்

4 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லை, கணினி விளையாட்டுக் கடையான ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழாவில் எந்த டெமோவை, அதாவது இலவச மாதிரி விளையாட்டை, இறக்குவது என்று கேட்டிருந்தீர்கள். டிரெய்லரை நம்பாதீர்கள் நண்பரே. விளையாட்டின் ஸ்டீம் பக்கத்தின் அடியில் இருக்கும் குறைந்தபட்சக் கணினித் தேவையை முதலில் பாருங்கள்.

என் பழைய லேப்டாப்பில் முப்பரிமாண டெமோக்கள் எல்லாம் திணறின. பலாட்ரோ என்ற சீட்டு விளையாட்டு மட்டும் தடங்கலே இல்லாமல் ஓடியது. போக்கர் சீட்டுதானே என்று உட்கார்ந்தேன். ஒரே முறை இறக்கும் சீட்டுகளிலேயே இலக்கு மதிப்பெண்ணைத் தாண்டினால் மதிப்பெண் பெட்டி தீப்பற்றி எரியும். அதைப் பார்க்கவே இன்னொரு ஆட்டம், இன்னொரு ஆட்டம் என்று விடிந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் முழு விளையாட்டு வந்ததும் வாங்கிவிட்டேன்.

அதனால் சீட்டு, புதிர், இருபரிமாண வகைகளில் தேடுங்கள். அப்புறம், விழா ஒரு வாரம்தான். முடிந்ததும் சிலர் டெமோவை எடுத்துவிடுவார்கள், தள்ளிப்போடாதீர்கள். பிடித்ததை விஷ்லிஸ்ட்டில் சேருங்கள். சின்னக் குழுக்களுக்கு அது பெரிய உதவி.