முதலில் எண் போடுங்கள்

அன்புள்ள ஐயா,

தாலுகா அலுவலகம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் கரூரில் ஹோம் டெக்ஸ்டைல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் அலுவலக மேலாளர். பன்னிரண்டு பேர் இருக்கும் அலுவலகம். எம்.பி.ஏ.வில் நிர்வாகவியல் முன்னோடி ஹென்றி ஃபயோல் தொடங்கி திட்டமிடல், ஒழுங்கமைத்தல் எல்லாம் படித்தேன். தினமும் காலையில் வேலைப் பட்டியல் போடுகிறேன். பதினோரு மணிக்குள் முதலாளி ஒன்று சொல்வார், பையரிடமிருந்து (வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து) மெயில் வரும், பட்டியல் அப்படியே கிடக்கும். சென்ற மாதம் ஒரு எல்.சி.க்கான (லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது சரியான ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) ஆவணங்களை வங்கியில் கொடுக்கத் தாமதமாகிவிட்டது. டாக்குமெண்டேஷன் பார்க்கும் பையன், ஆர்டரைத் தொடர்ந்து கவனிக்கும் மெர்ச்சண்டைசரைக் கைகாட்டுகிறான். அவர் ஷிப்பிங் ஏஜெண்டைக் கைகாட்டுகிறார்.

அரசு அலுவலகப் பதிவேடுகளை நீங்கள் பாராட்டுவது எனக்கு விளங்கவில்லை. தாமதத்துக்குப் பேர்போன இடத்திலிருந்து நாங்கள் எதைக் கற்றுக்கொள்வது? சாஃப்ட்வேர் வாங்கினால் சரியாகுமா? கோப்பு எண்ணாக பையரின் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) எண்ணையே வைத்துக்கொள்ளலாமா?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

எல்.சி. தாமதத்தைவிட, அதற்குப் பிறகு ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டியதாக நீங்கள் எழுதிய வரிதான் என்னை யோசிக்க வைத்தது. அந்தக் காரியம் யார் பொறுப்பில் இருந்தது என்று எடுத்துக் காட்ட உங்கள் அலுவலகத்தில் ஒரு தாள்கூட இல்லை என்று தெரிகிறது. அது இல்லாத இடத்தில் எத்தனை திட்டம் போட்டாலும் நிற்காது.

அரசு அலுவலகத் தாமதம் உண்மை. வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன் அதை மறுக்க முடியாது. ஆனால் பதிவேடு ஒழுங்காக எழுதப்பட்ட அலுவலகத்தில், பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்தவர் எட்டு மாதம் கழித்து வந்து கேட்டாலும் பதில் கிடைக்கும். மனு எந்தத் தேதியில் வந்தது, எந்த இருக்கைக்கு, அதாவது எந்தப் பணியிடத்துக்குப் போனது, கடைசியாக யாரிடம் அறிக்கை கேட்டு அனுப்பினார்கள், எல்லாம் ஒரே வரியில் இருக்கும். தாமதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். பதிவேட்டை எழுதாமல் விடும்போதும், மேலே இருப்பவர் படிக்காமல் கையெழுத்துப் போடும்போதும்தான் காரியம் காணாமல் போகிறது. அதற்குப் பதிவேட்டின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

அந்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய சென்னை மாகாணப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்கு அடிப்படையாக அமைந்தது டாட்டன்ஹாம் முறை. இங்கே பணியாற்றிய ஓர் ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயர் அது. தபால் வந்ததும் தேதி முத்திரை விழும். பகிர்மானப் பதிவேட்டில் ஏறும், எண் கிடைக்கும், ஓர் இருக்கைக்குப் போகும். அரசுக் கடிதம் ஏதாவது கையில் இருந்தால் அதன் தலைப்பைப் பாருங்கள். ந.க. என்று தொடங்கி ஓர் எண், சாய்கோடு, அ3 என்பது போல ஓர் எழுத்தும் இலக்கமும், சாய்கோடு, ஆண்டு. நடுவில் இருக்கும் அந்த அ3 தான் இருக்கை. அதில் உட்காருபவர் மாற்றலாகிப் போவார், விடுப்பில் போவார், ஓய்வு பெறுவார். இருக்கை அங்கேயே இருக்கும். புதிதாக வருபவர் தன் பதிவேட்டைத் திறந்தால் தனக்கு என்னென்ன வேலை பாக்கி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தன் பதிவேடு என்பது ஒவ்வோர் எழுத்தரும் தன் இருக்கைக்கு வைத்திருப்பது. வந்த தேதி, யாரிடமிருந்து, பொருள், என்ன செய்தோம், யாருக்கு எழுதினோம், எப்போது நினைவூட்டினோம், எப்படி முடிந்தது என்று கட்டங்கள் இருக்கும். கண்காணிப்பாளர் அதைக் குறித்த இடைவெளியில் வாங்கிப் பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் நிலுவையை எண்ணிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், இதில் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. ஆனால் திட்டமிடல் என்று நீங்கள் தேடுவது இந்தக் கட்டங்களுக்குள்தான் இருக்கிறது.

காலையில் நீங்கள் போடும் பட்டியல் எங்கிருந்து வருகிறது? நினைவிலிருந்து. நேற்று இரவு யார் சத்தமாகக் கேட்டார்களோ அவர்கள் வேலைதான் நினைவில் முதலில் நிற்கும். சத்தம் போடாத எல்.சி. பின்னால் போய்விடும். பதிவேட்டில் அடுத்து செய்ய வேண்டிய தேதி என்று ஒரு கட்டம் வைத்து, காலையில் அந்தத் தேதிக்கு உரிய வரிகளை மட்டும் எடுத்தால் அதுதான் அன்றைய திட்டம்.

நீங்கள் சொன்ன ஃபயோல் வகுப்பில் ஐந்து தலைப்புகளாகச் சுருங்கிவிட்டார். நிஜத்தில் அவர் சுரங்கப் பொறியாளர். தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சு நிலக்கரி, இரும்பு நிறுவனத்துக்கு 1888ல் தலைமை ஏற்று அதைத் தூக்கி நிறுத்தியவர். 1916ல் வெளிவந்த அவருடைய நூலில் ஓராண்டுக்கும் பத்தாண்டுக்கும் முன்மதிப்பீடு போடுவதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கையிருப்பு என்ன, நடப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்தான் பத்தாண்டுக்கு மதிப்பீடு போட முடியும். பாடக் குறிப்பில் திட்டமிடல் முதலில் வரும், ஒழுங்கமைத்தல் இரண்டாவதாக வரும். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் வரிசை பெரும்பாலும் தலைகீழாகத்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, கரூருக்கு வருவோம். உங்கள் வேலைகளில் ஒரு பகுதிக்குத் தேதி முன்கூட்டியே தெரியும். டி.டி.எஸ். (பிடித்தம் செய்த வருமான வரி) கட்ட 7ஆம் தேதி, மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. ஜி.எஸ்.டி. அறிக்கைகளை மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 11ஆம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்.-3பி 20ஆம் தேதி. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. 15. முன்கூட்டி வரி ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15. இவற்றைத் தினசரிப் பட்டியலில் எழுதி எழுதி அழிக்காதீர்கள். அரசு அலுவலகத்தில் காலமுறை அறிக்கைகளுக்கென்றே ஒரு பதிவேடு உண்டு. நீங்களும் ஆண்டு முழுவதுக்கும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கடைசித் தேதியோடு, அதற்கான பில்கள் கைக்கு வந்தாக வேண்டிய தேதியையும் எழுதுங்கள். கிராமக் கணக்குகள் பசலி ஆண்டுக்கு, அதாவது ஜூலை 1 முதல், ஓடுகின்றன. ஜமாபந்தியில் அவற்றைத் தணிக்கை செய்வார்கள் என்று ஒவ்வொரு வி.ஏ.ஓ.வுக்கும் தெரியும். கெட்டிக்கார வி.ஏ.ஓ. அதற்காக ஆண்டு முழுவதும் எழுதிக்கொண்டே வருவார்.

எல்.சி. விஷயமும் இப்படித்தான். எல்.சி.க்கு வங்கிகள் பின்பற்றும் சர்வதேச விதிகளான யு.சி.பி. 600இன்படி, மூலப் போக்குவரத்து ஆவணம் இருக்கும்போது, சரக்கு ஏற்றிய தேதியிலிருந்து 21 நாட்களுக்குள், எல்.சி. காலாவதி ஆவதற்கு முன், ஆவணங்கள் வங்கிக்குப் போக வேண்டும். எல்.சி.யிலேயே வேறு கெடு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி வேலைநாட்கள். ஆகவே எல்.சி. வந்த அன்றே அதற்கு ஓர் எண் போட்டு, டாக்குமெண்டேஷன் இருக்கையின் பேரில் ஏற்றிவிட வேண்டும். கப்பலில் ஏறிய தேதி தெரிந்ததும் இரண்டு தேதிகளை எழுத வேண்டும்: கடைசி நாள் ஒன்று, அதற்கு ஒரு வாரம் முந்திய நாள் ஒன்று. கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் ஷிப்பிங் ஏஜெண்டிடமிருந்து வர வேண்டும், பரிசோதனைச் சான்று மெர்ச்சண்டைசரிடமிருந்து வர வேண்டும் என்பதெல்லாம் அந்த வரியிலேயே இருக்கும். அவர்கள் தரவில்லை என்றால் கேட்டு வாங்குவதும், கேட்ட தேதியை எழுதுவதும் அந்த இருக்கையின் வேலை. அப்புறம் அந்தப் பையனுக்குக் கைகாட்ட வேண்டிய அவசியமே இருக்காது. அவனுக்கும் அது நிம்மதி. யார்மேல் தவறு என்று கூட்டம் போட்டு விசாரிக்கும் அலுவலகத்தில் சின்ன இடத்தில் இருப்பவர்தான் எப்போதும் அடிபடுகிறார். அதை நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பொறுக்காது.

முதலாளியைப் பற்றி வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வாயால் சொல்லும் வேலை, வாட்ஸப்பில் அனுப்பும் வேலை, இரண்டுக்கும் எண் போடுங்கள். புதிதாக ஒன்று சொல்லும்போது அன்றைய நாலைந்து வரிகளை அவர் முன்னால் வைத்து, "இதை இன்னைக்கு எடுத்தா இதுல எதைங்க நாளைக்குத் தள்ளலாம்?" என்று கேளுங்கள். கையில் என்ன இருக்கிறது என்று தெரியாததால்தான் பல முதலாளிகள் குறுக்கே வருகிறார்கள். தெரிந்தால் அவர்களே வரிசைப்படுத்தித் தருவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காரியம் முடிந்தது என்று எழுதுவதற்கு உங்களிடம் ஒரு முறை இருக்கிறதா? அரசுக் கோப்பை முடிக்கும்போதே அது ஓராண்டு இருக்க வேண்டியதா, மூன்றாண்டா, பத்தாண்டா, நிரந்தரமா என்று குறித்துப் பதிவறைக்கு அனுப்புகிறோம். ஜி.எஸ்.டி. கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களுக்கு எட்டு ஆண்டுகள். உங்கள் பீரோவில் இருப்பதில் எவ்வளவு இந்தக் கணக்குக்குள் வருகிறது என்று ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மற்றது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, தேடும்போது குறுக்கே வருகிறது.

சாஃப்ட்வேர் இப்போது வேண்டாம். எக்செல்லில் ஒரே தாள் போதும், ஒவ்வோர் இருக்கைக்கும் தனி நிறம் கொடுங்கள். சனிக்கிழமை மதியம் அரை மணி நேரம் நீங்களே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அந்த அரை மணி நேரத்தை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். மூன்று மாதம் ஓடிய பிறகு எந்தக் கட்டம் உபயோகப்படுகிறது, எது வெறுமனே கிடக்கிறது என்று தெரியும். சாஃப்ட்வேர் விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

பி.ஓ. எண்ணைக் கோப்பு எண்ணாக வைக்காதீர்கள். ஒரே பி.ஓ.வுக்குள் சாம்பிள் ஒப்புதல், லேப் ரிப்போர்ட், பேக்கிங் பற்றிய தகராறு, எல்.சி. திருத்தம் என்று தனித்தனிக் காரியங்கள், தனித்தனி இருக்கைகளில், தனித்தனித் தேதிகளில் நடக்கின்றன. ஒரே எண்ணைக் கொடுத்தால் பழையபடி யாருடையது என்று தெரியாமல் போகும். உங்கள் எண் ஜனவரி 1ஆம் தேதி ஒன்றிலிருந்து தொடங்கட்டும். பி.ஓ. எண்ணை எழுதப் பக்கத்தில் ஒரு கட்டம் கொடுத்துவிடுங்கள், தேடுவதற்கு அது போதும்.