நெடுஞ்சாலைக்கு நிலம் போகிறது: 21 நாளில் எதைச் செய்வது?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பதாகப் பேப்பரில் வந்த 3ஏ அறிவிப்பில் எங்கள் சர்வே எண்ணும் உள்ளது. பட்டா, காலமான தாத்தா பெயரிலேயே இருக்கிறது. 21 நாளில் ஆட்சேபணை தர வேண்டுமாம். விலை போதாது என்று எழுதலாமா?

பதில்: விலையைப் பற்றி இப்போது எழுதிப் பயனில்லை. பெங்களூர் சாலை, திருவண்ணாமலை சாலை என்று வேலூரைச் சுற்றித் தேசிய நெடுஞ்சாலைகள் பல. நிலம் எடுக்கும் இடத்திலெல்லாம் இந்தக் குழப்பம் வருகிறது. 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி இந்த 21 நாள், நிலத்தை எடுப்பது குறித்த ஆட்சேபணைக்கு மட்டும்தான். தோப்பு இரண்டு துண்டாகிறது, கிணறு ஒரு பக்கமும் மரங்கள் மறுபக்கமும் போய்விடும் என்றால் புலப்படத்தோடு (சர்வே எண்ணின் அளவை வரைபடம்) நிலமெடுப்பு அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, விசாரணைக்கும் நேரில் போங்கள். அந்த 21 நாள்களை அரசிதழில் 3ஏ வந்த தேதியிலிருந்து எண்ணுங்கள்; பேப்பரில் பிந்தி வந்திருக்கலாம்.

உங்கள் அவசர வேலை பட்டாதான். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, வில்லங்கச் சான்று எடுத்து இப்போதே பெயர் மாற்றத்துக்கு மனுப் போடுங்கள். அத்தை, சித்தப்பா பங்கையும் குடும்பத்தில் பேசி எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு என்று தகராறு வந்தால் அதிகாரி அதை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே போன பணம் எளிதில் கைக்கு வராது. நன்றாக இருந்த குடும்பங்கள்கூட இதில் பிரிந்து போவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அப்புறம், அதிகாரிகள் வந்து நிலத்தை அளந்து, அதிலுள்ளவற்றைக் குறிக்கும் கூட்டு அளவை நாளில் கட்டாயம் தோப்பில் இருங்கள். காய்க்கும் மரம் எத்தனை, கன்று எத்தனை, போர்வெல், மோட்டார் கொட்டகை, மண்ணுக்கடியில் போகும் பிவிசி குழாய் என எல்லாம் குறிப்பில் ஏறியதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். குழாய் வெளியே தெரியாது. நீங்கள் காட்டினால்தான் எழுதுவார்கள்.

3ஏ வந்த ஒரு வருடத்துக்குள் 3டி அறிவிப்பு வர வேண்டும், இல்லையென்றால் 3ஏ காலாவதி. 3டி வந்தால் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும். இழப்பீடு கோரச் சொல்லி 3ஜி அறிவிப்பு பேப்பரில் வரும். விலையைப் பேசும் இடம் அதுதான். பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். 3ஏ தேதிக்கு முந்தைய 3 ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் அதே மாதிரி நிலம் விற்ற பத்திரங்களில், விலை அதிகமுள்ள பாதிப் பத்திரங்களின் சராசரி மறுபக்கம். இரண்டில் அதிகமானதே அடிப்படை. அதனால் அந்தப் பத்திர நகல்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே எடுத்து வையுங்கள். கிராமப்புற நிலமானால் அந்த மதிப்பை அரசு நிர்ணயித்த காரணியால் பெருக்கி, மரம், கிணறு மதிப்பைச் சேர்த்து, வரும் தொகைக்குச் சமமாக 100 சதவீத ஆறுதல் தொகையும் தர வேண்டும். சந்தை மதிப்பின் மேல், 3ஏ தேதியிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீதம் தனி. இழப்பீட்டு உத்தரவு நகலில் இவை ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தொகை போதவில்லையா? ‘ஆட்சேபணையுடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு, மத்திய அரசு நியமித்துள்ள நடுவரிடம் மனுப் போடுங்கள். பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே நடுவராக இருப்பார். அவர் கூட்டிக் கொடுத்தால், கூடுதல் தொகைக்கு நிலத்தை அரசு சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து 9 சதவீத வட்டியும் உண்டு.