மியூவான் ஜி-2 முரண்பாடு மறைந்துவிட்டது என்கிறார்களே, அதை நம்பி ஆய்வு செய்தவர்களின் உழைப்பெல்லாம் வீண்தானா?

ஆய்வுத் தலைப்பைத் தேடும் முதுகலை இயற்பியல் மாணவராக நீங்கள் இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். அந்த முரண்பாட்டை வைத்தே முனைவர் பட்டம் பெற்றவன் நான். ஆகவே என் பதிலில் சார்பு இருக்கிறது என்று யாரேனும் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் கீழே உள்ள எண்களை எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 207 மடங்கு நிறை கொண்ட மியூவான் என்ற அடிப்படைத் துகள், ஒரு சிறு காந்தமாகவும் நடந்துகொள்கிறது. அதன் காந்த வலிமையைக் குறிக்கும் ஜி என்ற எண், டிராக்கின் சமன்பாட்டின்படி சரியாக 2. வெற்றிடத்தில் தோன்றி மறையும் துகள்களின் விளைவால் அது 2-ஐ விடச் சற்றே மிகுகிறது. அந்த மிகுதியின் பாதியை (கீழே வரும் எண்கள் அதைச் சார்ந்தவை) அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகமும், பின்னர் அங்கிருந்த காந்த வளையத்தை 2013-இல் சிகாகோ அருகே கொண்டுவந்த ஃபெர்மி ஆய்வகமும் அளந்தன. அந்த அளவீடு கோட்பாட்டுக் கணக்கோடு ஒத்துப்போகாததைத்தான் ஜி-2 முரண்பாடு என்றார்கள்.

2021 ஏப்ரல் 7, தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள். பெருந்தொற்றுக்கு அஞ்சி விடுதியைக் காலி செய்து ஊருக்கு வந்திருந்த நான், மொட்டை மாடியில் அலைபேசி இணைய இணைப்பில் ஃபெர்மி ஆய்வகத்தின் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சோதனைக்கும் கோட்பாட்டுக்கும் இடையிலான வேறுபாடு பத்தாயிரம் கோடியில் 251 பங்கு, பிழை வரம்பு 59 பங்கு, அதாவது வேறுபாடு பிழை வரம்பைப் போல 4.2 மடங்கு (4.2 சிக்மா) என்றார்கள். அதே நாளில் புடாபெஸ்ட்–மார்சே–வுப்பர்டால் குழு, வெளியையும் காலத்தையும் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் செய்யும் அணிக்கோவைக் கணக்கீட்டின்படி அந்த இடைவெளி பெருமளவு சுருங்குகிறது என்று வெளியிட்டிருந்தது. அன்றிரவு எங்கள் குழுவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

என் ஆய்வேட்டின் அடிப்படை அந்த 251தான். லெப்டோகுவார்க் என்ற ஊகத் துகள் மியூவானையும் டாப் குவார்க் என்ற மிகக் கனமான துகளையும் இணைத்தால், மியூவானைப் போல ஏறத்தாழ 1,600 மடங்கு நிறையுள்ள டாப் குவார்க்கினால் விளைவு பெருகும். அப்போது இணைப்பு வலிமை எவ்வளவு இருந்தால் 251 கிடைக்கும் என்று கணக்கிட்டேன். 2025-இல், கோட்பாட்டு மதிப்பைத் தொகுக்கும் பன்னாட்டுக் குழு அணிக்கோவைக் கணக்கீடுகளை ஏற்று மதிப்பைத் திருத்தியது. ஜூன் 3 அன்று ஃபெர்மி ஆய்வகம் நூறு கோடியில் 127 பங்கு நுட்பத்தோடு தன் இறுதி அளவீட்டை வெளியிட்டது. முன்பு 251 ஆக இருந்த வேறுபாடு இப்போது 38, பிழை வரம்பு 63.

அதன் பின் நடந்த ஒரு பணி நேர்காணலில், இல்லாத ஒன்றுக்கு நான் விளக்கம் எழுதியிருப்பதாக ஒருவர் சொன்னார். என் விடையைக் கேட்க அவர் காத்திருக்கவில்லை. அது இன்னமும் வலிக்கிறது. அங்கே சொல்ல முடியாமற்போனதை இங்கே சொல்கிறேன். புதிய எண்ணை இட்டு அதே நிரலை மீண்டும் ஓட்டினேன். "இணைப்பு வலிமை இந்தப் பட்டைக்குள் இருக்க வேண்டும்" என்று காட்டிய வரைபடம், "இந்த அளவைத் தாண்டக் கூடாது" என்று காட்டியது. சமன்பாடுகளில் ஒரு குறியைக்கூட நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சிறு விலகல் தென்பட்டதும் கட்டுரைகளைக் குவிப்பது கோட்பாட்டாளர்களின் வழக்கம் என்ற குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எந்த மாதிரி எவ்வளவு விலகலைத் தரும் என்ற கணக்கு முன்பே இல்லாதிருந்தால், விலகல் இல்லை என்ற முடிவிலிருந்து இவ்வரம்புகளைப் பெற்றிருக்க முடியாது.

மேலும், சிக்கல் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதி இரண்டு பயான்களாக (குவார்க்குகளாலான துகள்கள்) மாறும் வீதத்தை வைத்துத்தான், வெற்றிடத்தில் தோன்றி மறையும் குவார்க்குகளின் பங்களிப்பை முன்பு கணக்கிட்டார்கள். பழைய கோட்பாட்டு மதிப்பின் பெரும்பகுதி நிச்சயமின்மைக்கு அந்த வீதம்தான் காரணம். அதை அளந்த இத்தாலியின் குளோயி சோதனையும் கலிபோர்னியாவின் பாபார் சோதனையும் ஒன்றோடொன்று முரண்பட்டிருந்தன. 2023-இல் ரஷ்யாவின் நொவோசிபிர்ஸ்க்கில் சிஎம்டி-3 குழு அளந்த மதிப்பு இரண்டையும் விட உயர்ந்து நின்றது. அதே ஆய்வகத்தின் முந்தைய அளவீட்டோடுகூட அது ஒத்துப்போகவில்லை. காரணம் இன்னும் விளங்காததால்தான் 2025 கோட்பாட்டு மதிப்பில் இத்தரவுகளைச் சேர்க்கவில்லை. மியூவான்களை எலக்ட்ரான்கள்மீது மோதவிட்டு இதே பங்களிப்பை வேறு வழியில் அளக்கும் மியூஒன்இ என்ற முயற்சி ஐரோப்பிய ஆய்வகமான செர்னில் நடந்துவருகிறது. நீங்கள் உண்மையிலேயே தலைப்புத் தேடுபவரானால், லெப்டோகுவார்க்கை அல்ல, இந்த இரண்டு பயான்களைத்தான் நான் பரிந்துரைப்பேன்.